உடலுறவு இல்லாத நெருக்கத்தால் எச்.ஐ.வி. வருமா? பரிசோதனை முடிவு வந்த பிறகும் பயம் போகவில்லை

கேள்வி: பின்னலாடை ஊழியன்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 28. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். நிச்சயதார்த்தம் முடிந்து, தை மாதத்தில் திருமணம் என்று நாள் குறித்துவிட்டார்கள். இந்த நிலையில், வேலை நிமித்தமாக வெளியூர் சென்றிருந்தபோது ஒரு மசாஜ் நிலையத்துக்குப் போனேன். நடந்ததை மறைத்தால் சரியான பதில் கிடைக்காது என்பதால் உள்ளபடியே எழுதுகிறேன். அங்கிருந்த பெண் தன் உமிழ்நீரைக் கையில் தடவிக்கொண்டு எனக்குக் கையால் சுய இன்பம் செய்துவிட்டார். ஒரு முறை உதட்டில் முத்தமிட்டோம். உள்ளாடை அணிந்தபடியே இருவர் உடலும் உரசின. என் விரல் அவருடைய பிறப்புறுப்பில் பட்டது. உடலுறவோ வாய்வழி உறவோ நடக்கவில்லை.

அன்றிரவு அறைக்குத் திரும்பிப் பார்த்தபோது, வலது கை ஆள்காட்டி விரலில் நகக்கண் ஓரமாகத் தோல் சிறிது உரிந்திருந்தது. ரத்தம் வரவில்லை; ஆனால் சானிடைசர் பட்டதும் எரிந்தது. அந்த எரிச்சலோடு தொடங்கிய பயம் ஐந்து வாரங்களாக என்னை விடவில்லை. மூன்றாவது வாரத்தில் தொண்டை வலித்தது. நாக்கில் வெள்ளையாகப் படிகிறது. கழுத்தில் நெறி கட்டியதுபோல் ஒன்று கையில் தட்டுப்படுகிறது. எடையும் குறைந்திருக்கிறது. நான்கு வாரம் முடிந்ததும் ஒரு தனியார் லேபில் நான்காம் தலைமுறை எலிசா என்னும் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை எடுத்தேன். நெகட்டிவ் என்று வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாளே ‘லேபில் மாதிரி மாறியிருந்தால்?’ என்ற எண்ணம் வந்து, வேறொரு லேபில் மீண்டும் எடுத்தேன். அதுவும் நெகட்டிவ்தான். ஆனாலும் ஆறு மாதம் கழித்துத்தான் உறுதியாகத் தெரியும் என்று ஓர் இணையதளத்தில் படித்ததிலிருந்து பழைய நிலைக்கே திரும்பிவிட்டேன்.

வீட்டில் எனக்கென்று தனி டம்ளர், தனித் தட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். அக்காவின் கைக்குழந்தையைத் தூக்கவே பயமாக இருக்கிறது. சளி என்று பொய் சொல்லி ஒதுங்குகிறேன். மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து பார்க்கும் வைத்தியர் ஒருவரிடம் போனபோது, நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ‘ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது’ என்று சொல்லி, மூன்று மாத மருந்துக்குப் பெருந்தொகை கேட்டார். ஒரு அப்பாவிப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிடுவேனோ, திருமணத்தை நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆலோசகர்

தம்பி, அரசு மருத்துவமனையின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனைப் பிரிவான நம்பிக்கை மையத்தில் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவன் நான். உங்கள் கேள்வியை, ஊரும் வயதும் மட்டும் மாறி, அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்த எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் விவரித்த எதன் வழியாகவும் எச்.ஐ.வி. தொற்றாது. அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் இந்தப் பதில் மாறாது.

எச்.ஐ.வி. பரவ மூன்றும் ஒருசேர நடக்க வேண்டும். ரத்தம், விந்து, விந்துக்கு முன் வரும் நீர், பிறப்புறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றுள் ஒன்றில் போதுமான அளவு வைரஸ் இருக்க வேண்டும். அந்தத் திரவம் உடலின் உள்ளே உள்ள மென்படலத்தையோ, ரத்தம் கசியும் புண்ணையோ, ஊசி வழியாக ரத்தத்தையோ நேரடியாக அடைய வேண்டும். அங்கே அந்த வைரஸ் தொற்றக்கூடிய உயிரணுக்கள் அதற்குக் கிடைக்க வேண்டும். உமிழ்நீர் இந்தப் பட்டியலிலேயே இல்லை. அதில் இந்த வைரஸைச் செயலிழக்கச் செய்யும் புரதங்கள் இருக்கின்றன. ஆகவே உமிழ்நீர் தடவிய கையாலோ முத்தத்தாலோ உங்களுக்கு எதுவும் வந்திருக்க முடியாது. உள்ளாடையோடு உரசியதில் திரவப் பரிமாற்றமே இல்லை. விரல் தோலின் மேலடுக்கு இறந்த உயிரணுக்களால் ஆனது; அது வைரஸுக்கு வழி விடாது. நகக்கண் ஓரம் உரிந்த தோலைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. சானிடைசர் பட்டால் எரிவது அங்கே நரம்பு முனை இருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, ரத்தத்துக்குக் கதவு திறந்திருக்கிறது என்பதைக் காட்டாது. ரத்தம் கசியாத, ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும் அத்தகைய உரிதல் தொற்றுவழி ஆகாது.

ஓர் எண்ணையும் சொல்கிறேன், உங்கள் பயத்தின் அளவை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள உதவும். எச்.ஐ.வி. உள்ள, சிகிச்சை எடுக்காத ஒரு பெண்ணுடன் ஓர் ஆண் ஆணுறை இல்லாமல் முழு உடலுறவே கொண்டாலும், ஒரு முறைக்கான சராசரித் தொற்று வாய்ப்பு 10,000இல் சுமார் 4 என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. பால்வினைப் புண்கள் இருந்தாலோ, எதிராளிக்குத் தொற்று அண்மையில் ஏற்பட்டிருந்தாலோ அது கூடும் என்பதால், ஆணுறை வேண்டாம் என்பதற்கான அனுமதியாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த முழு உடலுறவுக்கே கணக்கு அவ்வளவுதான் என்றால், உங்களுக்கு நடந்தது அந்தக் கணக்கிலேயே சேராது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பரிசோதனை. ஆறு மாதம் என்பது பழைய கணக்கு. அந்தக் காலத்துப் பரிசோதனைகளின் திறன் அவ்வளவுதான். பல இணையதளங்கள் அதை இன்னும் நீக்காமல் வைத்திருக்கின்றன. நீங்கள் எடுத்த நான்காம் தலைமுறைப் பரிசோதனை, வைரஸின் புரதத்தையும் அதற்கு எதிராக நம் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்தே தேடுகிறது. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் செய்யப்படும்போது, தொற்று இருந்தால் 18 முதல் 45 நாட்களுக்குள் அது காட்டிவிடும். உங்கள் தொண்டை வலி விஷயத்திலும் இதைக் கொண்டே பதில் சொல்லலாம். தொடக்கநிலை எச்.ஐ.வி. தொற்றில் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு ஆகியவை வருவது ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும் கட்டத்தில்தான். மூன்றாம் வாரத்துத் தொண்டை வலி அதனால் வந்திருந்தால், நான்கு வாரம் கழித்து எடுத்த பரிசோதனை பெரும்பாலும் பாசிட்டிவ் என்றே வந்திருக்கும். வரவில்லை. ஆகவே அது சாதாரணத் தொண்டை வலி.

மருத்துவக் கணக்குப்படி உங்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையே தேவைப்படவில்லை. மனம் ஒப்பவில்லை என்றால், 45 நாள் கடந்த பிறகு அதே வகைப் பரிசோதனையை ஒரே ஒரு முறை எடுத்துக்கொண்டு அதோடு நிறுத்திவிடுங்கள். நம்பிக்கை மையத்தில் கட்டணம் இல்லை; உங்கள் சம்மதம் இல்லாமல் ரத்தம் எடுக்க முடியாது; முடிவை உங்கள் அனுமதியின்றிப் பொதுவாக யாரிடமும் சொல்லவும் கூடாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இவற்றைச் சட்ட உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. மாதிரி மாறியிருக்குமோ என்ற உங்கள் சந்தேகத்துக்கு, இரண்டு வேறு லேப்கள் ஒரே முடிவைச் சொன்னதே போதுமான பதில்.

அந்த லாட்ஜ் வைத்தியரிடம் இனிப் போகாதீர்கள். நாடி பிடித்து எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிக்க எந்த மருத்துவ முறையிலும் வழி இல்லை. உங்களைப் போன்றவர்களின் பயத்தை நம்பியே அவர்கள் ஊர் ஊராக அறை எடுத்து உட்காருகிறார்கள். கடன் வாங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து எங்களிடம் அழுதவர்களைப் பார்த்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பதில்: பால்வினைப் பிரிவுச் செவிலியர்

ஆலோசகர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் எச்.ஐ.வி.யை மட்டுமே நினைத்து உருகுகிறார்கள். உடலுறவு இல்லாமலேயே, தோலோடு தோல் படுவதால் பரவக்கூடிய மற்றவற்றை மறந்துவிடுகிறார்கள். அவை உயிருக்கு உடனடி ஆபத்தானவை அல்ல, பெரும்பாலானவற்றுக்கு எளிய சிகிச்சை உண்டு. ஆனால் கவனிக்காமல் விடக் கூடாது.

இவற்றில் நான் முதலில் கேட்பது சிபிலிஸ், நம் ஊரில் மேகப்புண் என்பார்கள். எதிராளியின் புண் பட்ட இடத்தில், சராசரியாக மூன்று வாரத்தில், சில நேரம் 10 நாளிலிருந்து 90 நாளுக்குள், ஒரு புண் வரும். பெரும்பாலும் அதில் வலி இருக்காது. வலி இல்லாததால் கவனிக்க மாட்டார்கள். சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஆறிவிட்டது என்று நினைக்கும்போது நோய் உள்ளே போயிருக்கும். ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்தால் இடுப்பில் போடும் பென்சிலின் ஊசி ஒரே வேளையில் அதைக் குணப்படுத்திவிடுகிறது. உங்கள் விஷயத்தில், உடை இல்லாமல் பிறப்புறுப்போடு பிறப்புறுப்பு படாததால் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் முத்தமும் கைத்தொடுதலும் இருந்ததால், மூன்று மாதம் நிறைந்ததும் வி.டி.ஆர்.எல். என்னும் சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடுவது நல்லது.

ஹெர்பீஸ் வந்து அறிகுறி காட்டியிருந்தால், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள்ளேயே கொத்துக் கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள் எரிச்சலோடு வந்திருக்கும். உமிழ்நீர் பட்டதால் கொனோரியா என்னும் வெட்டை நோய் வருமா என்று கேட்டால், கோட்பாட்டளவில் சிறு வாய்ப்பு உண்டு என்பேன். சிறுநீர் கழிக்கும்போது கடுப்போ சீழோ வந்திருந்தால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். மரு வகைகள் வெளிப்பட வாரங்களோ மாதங்களோ ஆகலாம். சொறிப்பூச்சியால் வரும் அரிப்பு இரவில் அதிகமாகும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய இடம் என்று பரவும். குளிக்கும்போது ஒரு முறை நிதானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். தினமும் செல்போன் டார்ச் அடித்துத் தேடினால், பிறந்ததிலிருந்தே இருக்கும் இயல்பான சிறு பருக்கள்கூட நோயாகத் தெரியும். ஆணுறுப்பின் விளிம்பில் வரிசையாக இருக்கும் முத்துப் போன்ற பருக்களைக் காட்டி ‘இது என்ன சிஸ்டர்’ என்று கேட்காத இளைஞர் எங்கள் பிரிவில் குறைவு. அது நோயே அல்ல.

மெடிக்கலில் நீங்களாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். தொடையிடுக்கு அரிப்புக்கு மெடிக்கலில் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமையும் தடவாதீர்கள். சாதாரணப் படர்தாமரையை அந்த க்ரீம் போட்டுப் போட்டுப் பெரிதாக்கிக்கொண்டு, பால்வினை நோய் முற்றிவிட்டது என்று நடுங்கி வருபவர்கள் ஏராளம். அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே சுகவாழ்வு மையம் இருக்கிறது. மருத்துவர் நேரில் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மருந்து தருவார்; அதுவும் இலவசம்தான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இதுவரை போடவில்லை என்றால் அதையும் கேளுங்கள். அது இந்த நிகழ்வுக்காக அல்ல, எந்த வயதுவந்தவரும் போட்டுக்கொள்ளலாம்.

பதில்: ஏ.ஆர்.டி. எடுப்பவன்

நான் எச்.ஐ.வி.யோடு பல ஆண்டுகளாக வாழ்பவன். கேள்வி கேட்ட சகோதரரின் மீது எனக்குக் கோபம் இல்லை; ஆனால் தனி டம்ளர், தனித் தட்டு, குழந்தையைத் தூக்காமல் ஒதுங்குவது என்ற வரிகளைப் படித்தபோது மனது வலித்தது. எனக்குத் தொற்று தெரிந்த காலத்தில் என் சொந்த வீட்டில் எனக்கு அதையே செய்தார்கள். தட்டிலும் டம்ளரிலும் இது பரவாது என்று என் வீட்டாருக்குப் புரியவைக்கவே வெகுகாலம் ஆயிற்று.

‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவருக்குச் சுவர் விளம்பரம் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அந்த விளம்பரம் ஊரையே பேசவைத்தது, அதற்கு அது உதவியது. ஆனால் பயம் மட்டும் மனதில் தங்கி, அதன் பிறகு மருத்துவத்தில் நடந்த மாற்றம் மக்களைப் போய்ச் சேரவில்லை என்பது என் வருத்தம். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது மருந்து எதுவும் இல்லை. 2004 ஏப்ரலில் அரசு, ஏ.ஆர்.டி. என்னும் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இன்று நான் சாப்பிடுவது ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. என் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியிருக்கிறது. அப்படி அடங்கிய நிலை நீடித்தால் உடலுறவின் மூலமும் மற்றவருக்குப் பரவாது என்பது உறுதி செய்யப்பட்ட உண்மை. என் மனைவிக்குத் தொற்று இல்லை. எங்கள் மகளுக்கும் இல்லை. நான் வேலைக்குப் போகிறேன், வீட்டுக் கடன் கட்டுகிறேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களுக்குத் தொற்று இல்லை. ஆனால் ‘இருந்துவிட்டால் எல்லாம் முடிந்தது’ என்ற எண்ணம்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது, அந்த எண்ணமே தவறு. இன்னொன்று: அந்த மசாஜ் நிலையப் பெண்ணை நோயின் இருப்பிடமாகவே எல்லோரும் கற்பனை செய்கிறார்கள். எச்.ஐ.வி. தடுப்புக் களப்பணித் திட்டங்களோடு தொடர்பில் இருக்கும் பாலியல் தொழிலாளர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். அவர்களிடம் வந்து போகும் ஆண்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அண்ணா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேற்று அக்கா குழந்தையைத் தூக்கினேன். உங்கள் மனதை நோகடித்ததற்கு மன்னியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், படிக்கும்போது தெளிவாகிறது; இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் எல்லாம் கலைந்து, மறுபடி செல்போனை எடுத்து அறிகுறிகளைத் தேடுகிறேன். தெரிந்த பிறகும் ஏன் இப்படி? இன்னும் துல்லியமான பரிசோதனை ஏதாவது இருக்கிறதா? 72 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பு மருந்தை அப்போதே வாங்கியிருக்க வேண்டுமோ?

பதில்: உளவியல் துறையில் இருப்பவர்

நண்பரே, கடைசிக் கேள்விக்கு முதலில். அந்த மருந்து, தொற்றுக்கு உண்மையான வாய்ப்பு உள்ள தொடர்புக்குப் பிறகு, மருத்துவர் பார்த்து முடிவு செய்து, 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடுவது. உங்களுக்கு அது எழுதிக் கொடுக்கப்பட்டிருக்காது, தேவையும் இல்லை.

‘தெரிந்த பிறகும் ஏன்’ என்பதுதான் உங்கள் நோயின் மையம். உங்களுக்கு இப்போது இருப்பது தகவல் குறைபாடு அல்ல. குற்ற உணர்வு ஒரு பக்கம், திருமண நாள் நெருங்குவது மறுபக்கம். இரண்டுக்கும் இடையில் மனம் ஒரு தண்டனையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது, எச்.ஐ.வி. அந்தத் தண்டனையின் உருவமாகிவிட்டது. தண்டனை வராது என்று ரிப்போர்ட் சொன்னால், மனம் ரிப்போர்ட்டையே சந்தேகிக்கிறது. முதல் ரிப்போர்ட் உங்களுக்கு ஓர் இரவு நிம்மதி கொடுத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்தது அதைவிடக் குறைவாகவே கொடுத்திருக்கும். இன்னும் துல்லியமான பரிசோதனை கிடைத்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு முறை சரிபார்க்கும்போதும் மூளை ‘சரிபார்த்ததால்தான் தப்பித்தோம்’ என்று கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் வேகமாகச் சரிபார்க்கச் சொல்கிறது.

கழுத்து நெறியைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை அதை அழுத்திப் பார்க்கிறீர்கள்? அழுத்த அழுத்த அந்த இடம் வலிக்கும், வலித்தால் வீங்கியதாகத் தோன்றும். ஒழுங்காகச் சாப்பிடாமல் இருந்தால் எடை குறையும், நாக்கில் வெள்ளை படியும். பதற்றம் நீடித்தால் வயிறு கலங்கும், இரவில் வியர்க்கும். இவற்றை எல்லாம் அறிகுறிப் பட்டியலோடு ஒப்பிட்டால் பொருந்தத்தான் செய்யும்.

இதற்குச் சிகிச்சை உண்டு. சரிபார்க்கும் தூண்டுதல் வரும்போது சரிபார்க்காமல் அந்தப் பதற்றத்தோடு இருந்து, அது தானாக இறங்குவதைப் பார்க்கப் பழக்கும் உளவியல் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. சிலருக்கு மனநல மருத்துவர் சில மாதங்களுக்கு மாத்திரையும் தருவார். இப்போதே செய்யக்கூடியது: இரவில் செல்போனைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், நாக்கைக் கண்ணாடியில் பார்ப்பதை நிறுத்துங்கள், இங்கே வந்து ‘இது பாதுகாப்புதானா’ என்று மறுபடி கேட்பதையும் நிறுத்துங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்; நாங்கள் ஒவ்வொரு முறையும் ஆறுதல் சொன்னால் அதுவும் இன்னொரு பரிசோதனை போலத்தான் வேலை செய்யும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் உடனே அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பதில்: பால்வினைப் பிரிவுச் செவிலியர்

திருமணத்தைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, ஆகவே மீண்டும் எழுதுகிறேன். எச்.ஐ.வி. பயத்துக்காகத் திருமணத்தைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. திருமணத்துக்கு முன் இருவரும் சேர்ந்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று நீங்களே பேச்சை எடுங்கள். இப்போது பல குடும்பங்களில் இது இயல்பாகிவிட்டது, பெண் வீட்டார் தப்பாக நினைப்பார்கள் என்று தயங்க வேண்டாம். நடந்ததை அந்தப் பெண்ணிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு பெண்ணாக என் கருத்து இதுதான்: உங்கள் பாரத்தை இறக்கிவைப்பதற்காக மட்டும், இந்தப் பதற்றத்தின் உச்சத்தில் சொல்லாதீர்கள். பதற்றம் தணிந்த பிறகும் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அப்போது நேராகச் சொல்லுங்கள், அவருக்கும் கேள்வி கேட்கவும் முடிவெடுக்கவும் நேரம் கொடுங்கள்.

அவர் ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு, போடவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் ஆலோசிக்கச் சொல்லுங்கள்; கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து காக்கும் ஊசி அது, உங்களுக்கு நடந்ததோடு தொடர்பு இல்லாமலேயே அவருக்குத் தேவையானது. சுகவாழ்வு மையத்துக்குக் காலை ஓ.பி. நேரத்தில் போங்கள். சீட்டு வாங்கும் இடத்தில் விவரம் சொல்ல வேண்டியதில்லை, தோல் பிரிவு என்றால் போதும், உள்ளே வந்து மருத்துவரிடம் இங்கே எழுதியதுபோல் உள்ளபடியே சொல்லுங்கள்.